கோல் நிரலில் ஒன்றே ஒன்று: மருமகனின் சீசனை எப்படி எடைபோடுவது?

பழைய ஸ்கோரர் (உவர்மலை)

வணக்கம். அவுஸ்திரேலியர்கள் ஆடும் நீள்வட்டப் பந்து விளையாட்டைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? ரக்பியைச் சொல்லவில்லை. மெல்பேர்ன்காரர்கள் ஃபூட்டி என்று அழைப்பதைச் சொல்கிறேன்.

என் தங்கையின் மகன் மெல்பேர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் 18 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறான். வயது பதினேழு. தகப்பன் கையில் கிரிக்கெட் மட்டையைக் கொடுத்துப் பார்த்தார். அவன் அந்த முட்டைப் பந்தை விடவில்லை. போன வருடம் முன்வரிசையில் நின்று இருபதுக்கு மேல் கோல் அடித்தான். ஒவ்வொரு கோலுக்கும் தங்கை எனக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவாள், அதற்குக் கீழே அரைப் பக்கம் பூப்படங்களும் வரும். இந்த வருடம் சீசன் முழுவதற்கும் ஒரே ஒரு கோல். அதுவும் சித்திரையில் முதலாவது போட்டியில் அடித்தது. அதற்குப் பிறகு தங்கையின் செய்திகளும் குறைந்துவிட்டன.

நான் பாடசாலைக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியே தலை நரைத்தவன். திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்து வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு பந்துக்குப் பந்து புள்ளி வைத்த கை இது. புத்தகத்தில் இருப்பதை நம்புவேன், பெவிலியனில் பேசுவதை நம்பமாட்டேன். அங்குள்ள சிறு கழகங்களின் போட்டி முடிவுகள் பிளே எச்கியூ என்ற தளத்தில் வருகின்றன. அதில் கோல் அடித்தவர்களின் பெயர் இருக்கிறது, சிறப்பாக ஆடியவர்கள் என்று ஐந்தாறு பெயர் இருக்கிறது. அவ்வளவுதான். எத்தனை பந்து பிடித்தான், எத்தனை தவறவிட்டான் என்று ஒன்றும் கிடையாது. போதாததற்கு வைகாசியில் மூன்று வாரம் அணிப் பட்டியலிலேயே அவன் பெயர் இல்லை. கழற்றிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சீசன் முடிவில் பயிற்றுவிப்பாளர் எழுதிக் கொடுத்த குறிப்பில் "மிக நல்ல வருடம், அணியில் அதிகம் முன்னேறியவர்களில் ஒருவர்" என்று இருக்கிறதாம். கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது.

அடுத்த வருடம் அவனுக்குப் பன்னிரண்டாம் ஆண்டு, நம்முடைய உயர்தரப் பரீட்சை மாதிரி. அதே வருடத்தில் இன்னும் பெரிய மட்டத்து அணி ஒன்றின் தேர்வுக்குப் போகவேண்டும் என்று நிற்கிறான். "அண்ணா, நீங்கள் விளையாட்டு தெரிந்தவர், சொல்லுங்கள்" என்கிறாள் தங்கை. எனக்குத் தெரிந்தது வேறு விளையாட்டு. பையனின் இந்த வருடம் உண்மையில் நல்லதா, இல்லையா? முகத்துக்காகச் சொல்லவேண்டாம்.


நிலாவெளிக் காற்று

மாமா, கம்பத்துக்குப் பக்கத்தால் தவறிப் போனாலும் ஒரு புள்ளி கொடுக்கிற விளையாட்டு அது. அவ்வளவு தாராள மனம் உள்ள இடத்திலேயே ஒரு கோல் என்றால் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள். 😀

பகிடிக்குச் சொன்னேன். எனக்கு அந்த விளையாட்டில் தெரிந்தது கையில்லாத சட்டை மட்டும்தான். தெரிந்தவர்கள் வரட்டும்.


திருக்கடலூரான் (டண்டினொங்)

அண்ணா, நான் திருக்கடலூரில் பிறந்து வளர்ந்து இங்கே வந்தவன். என் பிள்ளைகள் இருவரும் ஃபூட்டி ஆடினார்கள். அவர்கள் நிறுத்திய பிறகும் நான் நிறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் கோல் கம்பத்தடியில் கொடி பிடிக்கிற நடுவராக நிற்கிறேன். சம்பளம் ஒரு சொசேஜ் ரொட்டி. இரண்டு கொடியையும் ஆட்டினால் கோல், ஆறு புள்ளி. ஒரு கொடி என்றால் பிஹைண்ட், நிலாவெளித் தம்பி சொன்ன அந்த ஒரு புள்ளி.

உங்கள் எழுத்தைப் படித்ததும் எனக்கு ஒரு கேள்விதான் வந்தது: பையன் எங்கே நின்றான்? முதல் போட்டியில் கோல், பிறகு ஒன்றும் இல்லை என்றால் அவனுக்குக் கோல் அடிக்கத் தெரியாமல் போயிருக்காது. அவனைப் பின்வரிசைக்கு மாற்றியிருப்பார்கள். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். மைதானம் 185 மீற்றர் நீளம் வரை போகும். பின்வரிசைக்காரன் எதிரணியின் கோல் கம்பத்தைத் தூரத்தில் பார்ப்பதோடு சரி. அவனுடைய கோல் நிரலைப் பார்த்து மதிப்புப் போடுவது, விக்கெட் காப்பாளர் எத்தனை ஓவர் பந்து வீசினார் என்று தேடுவதற்குச் சமம்.

நான் கம்பத்தடியில் நிற்பதால் பின்வரிசைப் பையன்கள் என் மூக்குக்கு முன்னால்தான் ஆடுவார்கள். அவர்களிடம் நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். அவன் காவல் காத்த எதிராளி எத்தனை கோல் அடித்தான் என்பது முதலாவது. அதை பிளே எச்கியூவிலேயே எடுக்கலாம்: ஒவ்வொரு போட்டியிலும் அவன் யாரைக் காத்தான் என்று மட்டும் தங்கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எதிரணியின் கோல் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

அடுத்தது முஷ்டி. உயரப் பந்து வரும்போது பிடிக்க முடியாவிட்டால் குத்தி விலக்கவேண்டும். எந்தப் பக்கம் குத்துகிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அனுபவமில்லாதவன் கை பட்டால் போதும் என்று கம்பத்துக்கு நேர் முன்னால் குத்திவிடுவான். அங்கே எதிரணியின் சின்னப் பையன்கள் இரண்டு பேர் அதற்காகவே வாய் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்; பொறுக்கி உடனே அடித்துவிடுவார்கள். பழகியவன் ஓரக் கோட்டுப் பக்கமாகக் குத்துவான். சித்திரையில் எங்கே குத்தினான், ஆவணியில் எங்கே குத்தினான் என்று பார்த்தால் வருடம் எப்படிப் போனது என்று தெரிந்துவிடும்.

மிகவும் கடினமானது, தன் ஆளை விட்டுவிட்டு எப்போது பந்துக்குப் போவது என்ற முடிவு. இங்குள்ள மேல்மட்டத் தொடரான ஏஎஃப்எல்லின் 2018ஆம் ஆண்டு இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானம், வெஸ்ட் கோஸ்டும் கொலிங்வூட்டும். கடைசி இரண்டு மூன்று நிமிடம், கொலிங்வூட் முன்னிலை. பின்வரிசையில் ஜெரமி மக்கவர்ன் எகிறிப் பந்தைப் பிடித்தார். அங்கிருந்து நேதன் வார்டி, அவரிடமிருந்து லியம் ரயன், பிறகு டொம் ஷீட். ஷீட் ஓரக் கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து அடித்த கோலில் வெஸ்ட் கோஸ்ட் கிண்ணத்தை எடுத்தது. இறுதிப் புள்ளி 11.13 (79), அதாவது 11 கோல், 13 பிஹைண்ட், மொத்தம் 79; கொலிங்வூட் 9.20 (74). கோல் நிரலில் ஷீட்டின் பெயர்தான் இருக்கும். மக்கவர்ன் அந்தப் பிடியை விட்டிருந்தால் ஷீட்டுக்குப் பந்தே வந்திருக்காது.

எண்ணிக்கை நிறையக் கிடைத்தாலும் முழுக்க நம்பாதீர்கள். மேல்மட்டத்தில் ஒருவர் உதைத்ததும் கையால் தட்டிக் கொடுத்ததும் சேர்த்து டிஸ்போசல் என்று எண்ணுவார்கள். 2023இல் நோர்த் மெல்பேர்னின் ஹரி ஷீசல் முதல் போட்டியிலேயே 34 எடுத்தார், அந்த வருடத்தின் சிறந்த இளம் வீரர் விருதையும் வென்றார். ஆனால் அவர் பின்வரிசையின் முன்பகுதியில் நின்றார், அவருடைய அணி அந்த வருடம் வென்றது மூன்றே போட்டி. தோற்கிற அணியின் பின்பக்கத்துக்குப் பந்து நாள் முழுவதும் வரும். ஷீசல் திறமைசாலி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே 34ஐ முன்வரிசைக்காரன் ஒருவன் எடுத்தால் அதன் கனம் வேறு.

இன்னொன்று. தங்கையிடம் வீடியோ இருந்தால் பாருங்கள். பெற்றோர் எடுக்கும் வீடியோ எல்லாம் பந்தின் பின்னாலேயே ஓடும். பின்வரிசைக்காரன் செய்கிற வேலை முக்கால்வாசி பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடும். கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமான இடத்தில் நின்று, கமராவை ஆட்டாமல் எடுக்கவேண்டும். பெரிய கழகங்களின் பயிற்றுவிப்பாளர்களும் அந்தக் கோணத்தைத்தான் விரும்பிப் பார்க்கிறார்கள்.


பழைய ஸ்கோரர் (உவர்மலை)

தம்பி, கேட்டேன். நீங்கள் சொன்னதுதான். இரண்டாவது போட்டியிலிருந்து பின்வரிசை. தங்கை இதை எனக்குச் சொல்லாமல் மறைத்திருக்கிறாள்! முன்னாலிருந்து பின்னால் அனுப்பியதைத் தண்டனை என்று நினைத்திருக்கிறாள், பாவம். ஆறு மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் துக்க வீட்டுக்காரர் மாதிரி மைதானத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

அந்த 11.13 (79) எழுத்துமுறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எப்படி வந்தது என்பதும் எவ்வளவு வந்தது என்பதும் ஒரே வரியில் இருக்கிறது. 29 முறை புள்ளி எடுத்த அணி 24 முறை எடுத்த அணியிடம் தோற்றிருக்கிறதே, கொலிங்வூட் ஸ்கோரரின் கை எப்படி நடுங்கியிருக்கும்.

எதிராளிகளின் கோலைத் தேடி எடுத்துவிட்டேன். ஆனி வரைக்கும் சுமார். ஒருவன் இவனை வைத்து ஆறு கோல் அடித்திருக்கிறான், அந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்துவிட்டேன். ஆடியிலிருந்து பெரும்பாலும் ஒன்று அல்லது பூச்சியம். அதைப் பார்த்த பிறகு தரகர் என்று சொன்னதைப் பயிற்றுவிப்பாளருக்கு மட்டும் தள்ளுபடி செய்கிறேன். வைகாசியில் மூன்று வாரம் காணாமல் போனது மட்டும் இன்னும் உறுத்துகிறது. பின்வரிசையிலும் கழற்றிவிட்டார்களா?


சீனக்குடாப் பிள்ளை

மாமா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இயன்மருத்துவர். மெல்பேர்னில் படித்த காலத்தில் சனிக்கிழமைகளில் ஒரு சிறு கழகத்தில் பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சரியாக மூன்று வாரமா? அப்படியென்றால் தலையில் அடிபட்டதா என்று முதலில் கேளுங்கள். தலை அதிர்ச்சி ஏற்பட்டால் சமூக மட்டத்து ஃபூட்டியில் குறைந்தது 21 நாள் போட்டிக்கு இறங்கக்கூடாது. மேல்மட்டத்து வீரர்களுக்கு அது குறைந்தது 12 நாள். அவர்களைச் சுற்றி மருத்துவர்கள் நிற்கிறார்கள், நம் பையன்களுக்கு டேப் சுற்றுகிற என்னைப்போல் ஒருத்திதான். அந்த 21 நாளும் ஓய்வு மட்டும் அல்ல: முதலில் நடை, பிறகு மெல்லிய ஓட்டம், பிறகு உடல் மோதாத பயிற்சி, மருத்துவரின் அனுமதி கிடைத்த பிறகுதான் மோதல். கழகம் அதைக் கடைப்பிடித்திருந்தால் நல்ல கழகம் என்றே சொல்வேன்.

திரும்பி வந்த முதல் சில போட்டிகளைத் தனியாக எடுத்துவையுங்கள். தலையில் அடிபட்டவன் உயரப் பந்துக்குப் பின்னோக்கி ஓடும்போது ஒரு நொடி தயங்குவான். அந்த ஒரு நொடியில்தான் அந்த ஆறு கோல் போயிருக்கலாம்.

இந்த ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்தான் என்றும் கேளுங்கள். திடீரென்று நீளுகிற பையன்களுக்குத் தங்கள் கால் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கே சில மாதம் தெரியாது. திரும்புவதும் குதிப்பதும் மந்தமாகும், முழங்காலுக்குக் கீழே வலிக்கும், தொடையின் பின்தசை இழுக்கும். அந்த விளையாட்டில் மிக அதிகமாக வருகிற காயமே அந்தப் பின்தசைப் பிடிப்புத்தான். இதையெல்லாம் சோம்பல் என்று வீட்டில் திட்டிவிடுவார்கள்.


பழைய ஸ்கோரர் (உவர்மலை)

பிள்ளை, நீ சொன்னது அப்படியே. பயிற்சியில் இன்னொருவனின் முழங்கை பட்டிருக்கிறது. அண்ணா பயந்துவிடுவார் என்று எனக்குச் சொல்லவில்லையாம். இந்த வயதில் எனக்குப் பயப்பட என்ன இருக்கிறது? அந்த ஆறு கோல் போட்டி அவன் திரும்பி வந்த முதல் போட்டி. என் கொப்பியில் அதற்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன்.

தம்பி சொன்ன கோணத்தில் ஒரு வீடியோ கிடைத்தது. சிறியவள், என் மருமகள், கடைசிப் போட்டியில் கம்பத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஏறி உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். பாதி வீடியோவில் அவள் சிப்ஸ் தின்னும் சத்தம். ஆனால் கமரா ஆடவில்லை.

மூன்றாவது கால்பகுதியில் ஒரு இடம். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பந்து மறுபக்கத்து ஓரத்தில் இருக்கிறது. நம்மவன் பந்தைப் பார்க்கவில்லை. தன் எதிராளியின் இடுப்பில் முழங்கையை மெல்ல வைத்தபடி, தோளுக்கு மேலால் பின்னால் பார்க்கிறான். அங்கே எதிரணியின் சின்னவன் ஒருவன் தனியாக நிற்கிறான். இவன் விரலை நீட்டிக் கத்துகிறான், தன் அணிக்காரன் ஒருவன் ஓடிவந்து அந்தச் சின்னவனோடு நிற்கிறான். அதற்குப் பிறகுதான் தன் ஆளை விடுகிறான். இரண்டு எட்டு பின்னால், ஒரு எட்டு பக்கவாட்டில். பந்து இன்னும் உதைக்கப்படவே இல்லை! உதைத்தபோது அது நேராக இவன் நிற்கிற இடத்துக்கு வருகிறது. முழங்காலை மடித்து எழும்பி, தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்தான். யாரும் பக்கத்தில் இல்லாததால் சுலபமான பிடி என்று பார்ப்பவர் நினைப்பார்கள்.

அடுத்து நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். இடது பக்கம் ஒருவன் கையை உயர்த்திக்கொண்டு தனியாக நிற்கிறான். அவனுக்கு இடது காலால் உதைத்தால் முடிந்தது. இவன் உடம்பை முழுதாகத் திருப்பி வலது காலால் குறுக்கே உதைத்தான். பந்து இருபது மீற்றர் போய் இறங்கிவிட்டது. எதிரணி பொறுக்கியது, கோல். நடுவர் இரண்டு கொடியையும் ஆட்டுகிறார். மருமகளின் சிப்ஸ் சத்தம் அங்கே நிற்கிறது. வீடியோ முழுவதும் அவன் இடது காலைத் தொடவே இல்லை.

ஆகவே என் கணக்கு இப்படி. பந்து வருமுன் யோசிப்பதில் இந்த வருடம் அவன் வேறு ஆளாகிவிட்டான், அது நூற்றுக்கு எண்பது. பிடிப்பது நன்று. உதைப்பது போன வருடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இடது கால் அலங்காரத்துக்கு இருக்கிறது. நல்ல வருடம் என்று பயிற்றுவிப்பாளர் எழுதியது சரி. இடது காலைப் பற்றி எழுதாமல் விட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய அணித் தேர்வு விஷயத்தில் என்ன சொல்லட்டும்?


திருக்கடலூரான் (டண்டினொங்)

அண்ணா, நான் கம்பத்தடியில் நின்று பார்த்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

தேர்வுக்குப் போகட்டும். ஆனால் ஆசையின் அளவைத் தெரிந்துகொண்டு போகட்டும். இந்தப் பக்கத்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கான உயர்மட்ட அணி டண்டினொங் ஸ்டிங்ரேஸ். வருட முடிவில் மேல்மட்டக் கழகங்கள் புதிய வீரர்களை எடுக்கும் தேசியத் தெரிவு நடக்கிறது. அதற்கு முன் தேர்ந்த பையன்களை அழைத்து 20 மீற்றர் ஓட்டம், 2 கிலோமீற்றர் ஓட்டம், உயரப் பாய்ச்சல் என்று அளப்பார்கள். நாடு முழுவதற்கும் சேர்த்து எடுக்கப்படுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். தங்கைக்கு இதை மூடி மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆனால் 18 வயதில் எடுபடாவிட்டால் கதை முடிந்தது என்று பையன் நினைத்துவிடக்கூடாது. மார்லியன் பிக்கெட்டை ரிச்மண்ட் 2019இல் சீசனின் நடுவில்தான் எடுத்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் சவுத் ஃப்ரீமாண்டலில் ஆடிக்கொண்டிருந்தவர். அவருடைய முதல் மேல்மட்டப் போட்டி அந்த வருடத்தின் இறுதிப் போட்டி. வயது 27. ஆகவே பன்னிரண்டாம் ஆண்டை அவசரத்துக்குப் பலி கொடுக்கத் தேவையில்லை. சீசன் புரட்டாதியில் முடியும், பரீட்சையின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான். வாரத்தில் இரண்டு மூன்று மாலைப் பயிற்சி, ஒரு போட்டி. அட்டவணை போட்டால் முடியும். என் மூத்தவன் செய்தான், இளையவன் செய்யவில்லை.

இடது காலைப் பற்றி ஒன்று. பெரும்பாலும் பிழை காலில் இல்லை, கையில் இருக்கும். வலது கையால் பந்தை விட்டு இடது காலால் உதைக்கப் பார்ப்பார்கள், பந்து சாய்ந்து விழும். இடது காலுக்கு இடது கையால் விடவேண்டும். பந்தின் கூர்முனை நேராக நிலத்தைப் பார்த்துக் கொஞ்சத் தூரம்தான் விழவேண்டும். பத்து மீற்றரில் தொடங்கினால் போதும். தூரம் தானாக வரும்.


பழைய ஸ்கோரர் (உவர்மலை)

மார்கழி விடுமுறைக்கு எல்லோரும் இங்கே வருகிறார்கள். பந்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். டச்சுக்குடாக் கடற்கரை மணலில் உதைத்துப் பழகலாமா? அந்த மாதம் வாடைக்காற்றும் மழையும்தான் பிரச்சினை.


திருக்கடலூரான் (டண்டினொங்)

மணலில் ஓடலாம், உதைத்துப் பழகுவதற்குக் கடினமான தரை நல்லது. தோல் பந்தைக் கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவேண்டாம். உப்புத் தண்ணீர் பட்டால் கனத்து உருக்கெட்டுவிடும். மலிவான செயற்கைப் பந்து ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காற்று இருந்தால் நல்லதுதான், காற்றுக்கு எதிரே உதைக்கும்போது கையிலிருந்து பந்து கோணலாக விழுவது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.


நிலாவெளிக் காற்று

மாமா, ஏகாம்பரம் மைதானத்தில் மாலையில் உதைபந்தாட்டப் பையன்கள் நிறைந்திருப்பார்கள், இடம் கிடைக்காது. காலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்று பந்து பொறுக்கிப் போட நான் வருகிறேன். கையில்லாத சட்டை ஒன்று அளவில் இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.


பழைய ஸ்கோரர் (உவர்மலை)

சட்டை சொல்லியாகிவிட்டது. கொப்பியில் இடது காலுக்குத் தனி நிரல் போட்டிருக்கிறேன். நீர் பொறுக்குவதற்கு நிரல் இல்லை.